இழுத்துப் பார்க்காத வயர்

கம்பெனி லைனில் நின்றபோதுதான் ஷாரோனுக்கு அது உறைத்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் கம்பெனி அது. வயர் முனையில் செம்பு வளையத்தை வைத்து அழுத்துவது ஷாரோன் வேலை. அழுத்தியதை இடது பக்கக் கொக்கியில் மாட்டுவாள். பூஜா அதை எடுத்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பாள். கழன்று வராவிட்டால் காவேரியிடம் போகும். அவள் டேப் சுற்றுவாள். இப்போது பூஜா இழுத்த ஒரு வயர் வளையத்தை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அதைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் அடுத்ததை எடுத்தாள். ஷாரோன் அந்தத் தொட்டியையே பார்த்தபடி நின்றாள்.

நேற்று சர்ச் முடிந்ததும், வல்லம் வடகாலில் இருக்கும் புருஷன் அந்தோணிராஜின் ஷெட்டுக்கு அவளும் காவேரியும் உதவிக்குப் போயிருந்தார்கள். வேன்களுக்கு வயரிங் பார்க்கும் அந்த ஷெட்டுக்கு ஒரு பழைய பாய்மரப் படகு லாரி ஏறி வந்திருந்தது. உள்ளே சின்ன டீசல் என்ஜின். வயரெல்லாம் உப்புக் காற்றில் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தது. எல்லாவற்றையும் உருவிப் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். ஷாரோன் அழுத்தி அழுத்தி இடது பக்கம் வைத்தாள். காவேரி எடுத்து எடுத்து டேப் சுற்றினாள். பழகின கைகள், அதுபாட்டுக்கு ஓடின. நடுவில் பூஜா இல்லை என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

ஷெட்டில் என்ஜின் நன்றாகத்தான் ஓடியது. நின்ற இடத்தில் எதுதான் ஓடாது? கடலில் அலை தூக்கித் தூக்கிப் போடுமே. பேட்டரி வயர் ஒன்று தளர்ந்தால் போதும், பொறி பறக்கும். பக்கத்திலேயே டீசல் டேங்க். அந்தப் படகில்தான் அந்தோணிராஜ் இன்று படகுக்காரரோடு காசிமேட்டிலிருந்து வெள்ளோட்டம் போயிருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

அவள் போன் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து லாக்கரில் இருந்தது. போய் எடுக்கக் கேட்டதற்குச் சூப்பர்வைசர், டீ டைம் வரட்டும், ஆள் மாத்தி விடறேன் என்றார். அவள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள். மெமோ வரும் என்று அவர் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. லாக்கரைத் திறந்து போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள்.

தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மறுபடியும் அதுவே. மறுபடியும். செக்யூரிட்டி சந்திரம்மாள் நீட்டிய தண்ணீரை அவள் வாங்கவில்லை. பிறகு எப்படியோ அவன் பக்கம் மணி அடித்தது.

"இன்னாமே, ஷிப்ட்ல இல்ல?" காற்று இரைச்சலுக்கு நடுவே அவன் சிரித்தான்.

"ஏங்க, என்ஜினை நிறுத்துங்க. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பேட்டரி வயரை இழுத்துப் பாருங்க. நாங்க இழுத்தே பாக்கல."

"நல்லாத்தானே ஓடிகினு கீது."

"உங்க காலைப் புடிச்சிக்கிறேன், நிறுத்துங்க."

என்ஜின் சத்தம் அடங்கியது. வெறும் காற்று. அவன் எதையோ நகர்த்தினான். மெயின் சுவிட்ச் டக்கென்று விழுந்தது.

"ஷாரோன்." அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே கிடையாது. "கையோட வந்துடுச்சு. டேப்பு உள்ளாற உருகிக் கீது."

பாயை ஏற்றிக் கரைக்குத் திரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது.

காற்று நின்றுவிட்டால்? உருகினது உள்ளே புகைந்துகொண்டிருந்தால்? அவள் கேட்டோரம் வெயிலில் குந்தி, போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். டீ டைம் வந்து போனது. கடைசியில் போன் அடித்தபோது எடுக்கத் துணிவில்லை. சந்திரம்மாள்தான் வாங்கி, அவள் காதில் வைத்தாள்.

"கரைக்கு வந்துட்டோம்மே. அழுவாத, நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.