ஒருவரையும் கைவிடாத கப்டன்

சேர் எட்மண்டின் வாழ்க்கை வரலாறு அகஸ்ரினுக்கு மனப்பாடம். காலையில், தான் பராமரிக்கும் அந்தக் கிழவருக்குச் சவரம் செய்து, ஓட்ஸை ஊட்டி முடிப்பதற்குள் அவர் வாயால் ஒருமுறை முழுதாக ஓடிவிடும். இங்கிலாந்தில் பிரபு வீட்டுப் பிள்ளை, பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளி, யுத்தத்தில் கப்டன். குண்டு விழுந்து எரிந்த கப்பலில் ஏழு பேர் அந்த நொடியே செத்துப்போக, உயிரோடிருந்த ஒருவரையும் கைவிடாமல் கரைசேர்த்த வீரர். அந்த ஒரு நாளை வைத்தே நான்கு தேர்தல் வென்று மந்திரியும் ஆனார். வேறொருவருக்கு என்றால் ஒரு தேர்தலோடு அலுத்திருக்கும்.

இப்போது ரொறன்ரோவில் மகள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருந்தபடி அதையே புத்தகமாக்கிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் வெளிவர இருந்தது.

அகஸ்ரின் பேசாலையிலிருந்து அகதியாக வந்த மீனவன். 1990இல் ஊரை விட்டு ஓடும்போது பிரிந்துபோன மனைவி றோசலினும் மகளும் மண்டபம் அகதி முகாமில் ஐந்து வருடமாகக் காத்துக் கிடந்தார்கள். கிழவருக்கு ஒட்டாவாவில் பெரிய இடத்துப் பழக்கம். அவர்களைக் கனடாவுக்குக் கூப்பிட ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அது தட்டச்சாகி மேசையில் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தக் கையெழுத்துக்காக அகஸ்ரின் அவருடைய காலைக்கூடக் கழுவிக் குடித்திருப்பான்.

ஒக்ரோபர் கடைசியில், காலுறை தேடி இழுப்பறையைத் திறந்தபோது கிழவரின் கப்பற்காரர் நிற்கும் பழைய புகைப்படமொன்று அகப்பட்டது. பின்புறம் பென்சிலால் ஏழு பெயர்கள், கீழே ‘நாற்பது நிமிடம்’. கடலில் போனவர்களின் பெயரை, இறந்தோரை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் சுவாமியார் வாசிக்கக் கத்தோலிக்கக் கோயிலில் கொடுப்பதும், எப்படிப் போனார்கள் என்று ஒரு வரி சேர்ப்பதும் அவன் வீட்டு வழக்கம். அவன் கடலில் போன தன் தம்பியின் பெயரோடு அந்த ஏழு பெயரையும் எழுதி, நாற்பது நிமிடம் கடலோடு போராடியவர்கள் என்றும் சேர்த்துக் கொடுத்தான். கிழவர் மகிழ்ந்துபோவார், அந்தச் சூட்டோடு கையெழுத்தும் விழும் என்று நம்பினான். பாவம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; கிழவர் சொல்லும் ‘அந்த நொடியே’ என்பதோடு அது மோதுவது உறைக்கவில்லை.

திருநாளுக்கு மறுநாள் காலை ஊட்டும்போதே சொன்னான்.

"சேர், உங்கட ஏழு பேருக்கும் நேற்றுப் பூசை குடுத்தனான். நாப்பது நிமிசம் உயிரோடை போராடினவையெண்டு சுவாமி வாசிச்சவர்."

கிழவர் வாயிலிருந்ததை விழுங்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். படத்தை எடுத்துவரச் சொன்னார். குரல் ஏறவே இல்லை, அதுதான் அகஸ்ரினைப் பயமுறுத்தியது.

"தீ பரவாமல் கீழ்த்தளக் கதவைப் பூட்டச் சொன்னது நான்தான். நாற்பது நிமிடம் அவர்கள் உள்ளே இருந்து தட்டிக்கொண்டே இருந்தார்கள்."

பிறகு எரிந்துகொண்டிருந்த கணப்படுப்பைக் காட்டினார். கடிதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த ஏழு பேருக்கும் வீட்டில் றோசலின்கள் இருந்திருப்பார்கள். இருந்தும் அவன் படத்தை நெருப்பில் போட்டான். அது சுருண்டு எரியும்வரை கிழவர் பார்த்திருந்தார். பிறகு நிதானமாகக் கையெழுத்திட்டு, மகள் தபாலில் சேர்ப்பாள் என்றார்.

அடுத்த நாள் விடியப் பேருந்துக்குப் புறப்படும்போது அவனை அங்கே வேலைக்கு அனுப்பிய முகவர் கந்தோரிலிருந்து ஒரு பெண்ணின் தொலைபேசி வந்தது. இனி அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாதாம். சேரின் இழுப்பறையிலிருந்து விலைமதிக்க முடியாத பழைய படமொன்று களவு போயிருக்கிறதாம். வீட்டார் பொலிசில் முறையிட்டுவிட்டார்களாம். கடிதத்தைப் பற்றி அவன் கேட்டான். எந்தக் கடிதம் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள்.

எரித்தது நான்தான், அவர் சொல்லித்தான் எரித்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு பக்கம் மந்திரியாக இருந்த பிரபு, மறுபக்கம் வழக்கு விழுந்தால் விசாவும் குடும்பமும் போய்விடும் அகதி. கதவு பூட்டப்பட்ட சத்தம் அவனுக்கே கேட்டது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மண்டபத்திலிருந்து றோசலின் தொலைபேசி எடுத்தாள்.

"துரை கடிதத்திலை கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"ஓம், வைச்சிட்டார்," என்றான் அகஸ்ரின்.

அவள் அங்கே மகளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.