மூன்றாம் தடத்தின் கோடு

மைதானத்தில் கோடு போட்டே அந்தப் பெயர் வாங்கிய கோட்டுக்காரரின் தலையில் மொத்தம் பதினேழு முடி. அதிலும் நாலு முடி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதாக அவர் மனைவியே சொல்வாள். ஆனாலும் வாரம் தவறாமல் முடி வெட்டச் சலூனுக்குப் போய்விடுவார். சலூன்காரரும் தேடிப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் முகச்சவரத்தில் இறங்கிவிடுவார்.

வருகிற திங்கட்கிழமை பழைய ஸ்டேடியத்தை இடிக்கப் போகிறார்கள். ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. அங்கே ஒருநாளும் கால் வைக்காதவர்கள்கூட அதன் மரப்பலகை இருக்கைகளை நினைத்து அழுத அழுகையில், பக்கத்தில் நின்றவர்களுக்குக் குடை தேவைப்பட்டது. முப்பத்தைந்து வருஷம் அங்கே ஓட்டத்தடங்களுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்ட இவர் மட்டும் உள்ளூர நிம்மதியாக இருந்தார். புல்டோசர் வந்தால் தன் குற்றமும் மண்ணோடு மண்ணாகிவிடும்.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இருநூறு மீட்டர் இறுதி ஓட்டம். கடைசி நேரத்தில் பெய்த தூறலில் மூன்றாம் தடத்தின் ஆரம்பக் கோடு கரைந்துவிட்டது. அளவு டேப் ஸ்டோர் ரூமில், சாவி ஸ்டோர்காரரிடம், ஸ்டோர்காரர் டீக்கடையில். அதிகாரிகள் அவசரப்படுத்தினார்கள். 'என் கண்ணை விடவா டேப்?' என்று கண்ணளவிலேயே கோட்டைப் போட்டார். அந்தத் தடத்தில் ஓடிய பையன் நாலு விரல் இடைவெளியில் தோற்றான். ஜெயித்தவனுக்கு வேலையும் வெளியூர்ப் பயணமும் கிடைத்தன. தோற்றவன் அப்பாவின் சலூனில் கத்தரி பிடித்தான்.

மறுநாள் விடியற்காலையில் டேப்பை எடுத்து அளந்தார். கோடு முழுசாக ஒரு முழம் பின்னால் இருந்தது. பையன் ஒரு முழம் கூடுதலாக ஓடியிருக்கிறான். மைதானத்தில் ஈ காக்கை இல்லை. கோட்டை அழிக்க வாளியைத் தூக்கினார். அவர் ஊற்றிய தண்ணீரில் அங்கே இரண்டு போகம் நெல் விளைந்திருக்கும்.

சனிக்கிழமை, பாதிக் கன்னம் வழித்திருந்தபோது, நாளைக்குப் பிள்ளைகளை ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போவதாகச் சலூன்காரர் சொன்னார்.

"எங்க சறுக்குனேன்னு காட்டணும்ணே. தினமும் மனசுக்குள்ள அந்த வளைவ ஓடிப் பாக்குறேன். கால் எந்த இடத்துல தளர்ந்துச்சுன்னு இன்னும் பிடிபடல."

"தம்பி, உன் கால் தளரவே இல்லப்பா."

தொண்டைக்குழியில் கத்தி நின்றது. கோட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். ஊற்றியது ஏழு வாளி.

சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்தார்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் என்னச் சோம்பேறின்னுதான் சொன்னாரு. நானும் ஆமான்னேன்."

பேப்பரில் எழுதிப் போடச் சொல்கிறேன், அதிகாரிகளைப் போய்ப் பார்க்கிறேன் என்று கோட்டுக்காரர் என்னென்னவோ உளறினார். சலூன்காரர் கடைச்சாவியை எடுத்தார்.

"அதெல்லாம் வேணாம். வீட்டுல அம்மா இருக்காங்க. வந்து அவங்ககிட்ட சொல்லுங்க. காது மந்தம், சத்தமா சொல்லணும்."

'அண்ணே' காணாமல் போயிருந்தது.

பாதி முகம் நுரையோடு தெருவெல்லாம் நடந்து, அந்த வாசலில் நின்று கத்தினார். முதல் தடவை அம்மாவுக்குப் புரியவில்லை. இரண்டாவது தடவை எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாவது தடவை கத்தியதில் அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும். "கோட்ட நான்தாம்மா தப்பாப் போட்டேன். தெரிஞ்சதும் அழிச்சிட்டேன்." சலூன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எம்புள்ள ஜெயிச்சானா?"

"ஜெயிச்சான்மா."

அம்மா மகனைப் பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"இத அவரு இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"