நாற்பத்திரண்டாம் பெயர்

இளங்கதிர்கள் உயர்ந்த மாடங்களின் முகப்பைத் தொட்டு, மெல்ல இறங்கி, கடைத்தெருவின் மூடிய கதவுகளை வருடிக்கொண்டு நகர்மன்றத்து முற்றத்திலே பரவிய அந்தக் காலை வேளையில், அங்கே நிமிர்ந்து நின்ற கருங்கல்லின் முன்னே ஊரே திரண்டிருந்தது. பணியிலிருந்தபோது உயிர்நீத்த, ஒரே அணியைச் சேர்ந்த படைவீரர் நாற்பத்தொருவரின் பெயர்கள் அக்கல்லில் வெட்டப்பட்டிருந்தன. ஆண்டுக்கொருமுறை அவற்றை உரக்கப் படிப்பதும், கடைசிப் பெயர் முடியும்வரை அமைச்சரே ஆயினும் அமராதிருப்பதும் அவ்வூர் தானே வகுத்துக்கொண்ட நெறி.

படிப்பவர், அவ்வணியிலிருந்து உயிரோடு திரும்பிய அரைக்காதர். வெடியோசை இடக்காதைக் கொண்டுபோனதால் வந்த பெயர் அது. வேண்டாத பேச்சு வரும்போதெல்லாம் அந்தக் காதையே திருப்பிக் காட்டும் குறும்பும் அவருக்கு உண்டு. அன்றோ, அன்பரே, குறும்பெல்லாம் எங்கோ ஒளிந்துகொள்ள, அவர் நெஞ்சு கனத்துக் கிடந்தது.

கல்லில் ஏறாத நாற்பத்திரண்டாம் பெயரே காரணம். அணியின் வருகை ஏட்டை எழுதியவர் இவர்தாம். கரண்டியார் என்று எல்லாரும் அழைத்த சமையற்காரனுக்கு விடுப்புக் கிடைத்த அன்று, மாலைவரை காத்திருக்கச் சோம்பி, 'விடுப்பிற் சென்றான்' என்று விடியற்காலையிலேயே எழுதி ஏட்டை மூடிவிட்டார். அவனோ, காவலுக்குப் போனவர்கள் பசியோடு திரும்புவார்களே என்றெண்ணி, தோளிலேற்றிய மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உலையேற்றினான். அவர்கள் உண்டு எழுந்த சற்றைக்கெல்லாம் விழுந்த குண்டு அடுக்களையையும் அவனையும் உண்டவர் சிலரையும் ஒருசேர வாரிக்கொண்டது. ஏட்டின்படி அவன் அங்கே இல்லை. ஆகவே பணியில் இறக்கவும் இல்லை! தம் பிழையை ஒப்புக்கொண்டு அரைக்காதர் எழுதிய ஏழு விண்ணப்பங்களுக்கும், ஏட்டில் உள்ளதே செல்லும் என்ற ஒரே விடைதான் வந்தது. அட, செத்தவனைவிடக் காகிதத்துக்கா இத்தனை மதிப்பு!

"ஐயா, பட்டியல்ல இருக்கிறத மட்டும் படிங்க. மீறினா அடுத்த வருசம் இந்த மேடை உங்களுக்கு இல்ல," என்று விழா அலுவலர் இடப்பக்கம் நின்று எச்சரித்தார்.

"நல்லாவே கேட்டுது தம்பி," என்றவாறு அரைக்காதர் மேடையேறினார்.

நாற்பது பெயர்களைத் தடுமாறாமல் படித்தார். பின்பு நிறுத்தினார். முன்வரிசை கல்லில் உள்ளோரின் குடும்பத்தார்க்கே உரியதாகையால், கரண்டியாரின் மகள், தந்தையின் முகத்தையே அறியாத தையற்காரி, கயிற்றுக்கு வெளியே நின்றிருந்தாள். அவளை ஒருமுறை நோக்கிவிட்டு, அவள் தந்தையின் முழுப்பெயரையும் ஒலிபெருக்கி அதிர அழைத்தார்.

"இவன் விடுப்புல போகல. போனான்னு எழுதினது இந்தக் கை. தப்பு என்னோடது, அவனோடது இல்ல. இவன் பேரைப் பட்டியல்ல ஏத்துங்க, அப்புறம் கடைசிப் பேரைப் படிக்கிறேன்."

அலுவலர்க்கு வியர்த்துக் கொட்டியது. "ஐயா, அமைச்சர் வெயில்ல நிக்கிறாருங்க!"

"நிக்கட்டுமே! போக வழியிருந்தும் எங்களுக்குச் சோறாக்க நின்னவன் அவன். அவனுக்காகக் கொஞ்சம் நின்னா யாரும் தேய்ஞ்சு போயிட மாட்டாங்க."

கூட்டம் முணுமுணுத்தது. அப்போது, இன்னும் படிக்கப்படாத அந்தக் கடைசிப் பெயருக்குரியவனைப் பெற்ற முதியவள், கைத்தடியை ஊன்றி, கயிற்றருகே நடந்து, அதை உயர்த்தித் தையற்காரியைக் கைப்பிடித்து உள்ளே அழைத்தாள்.

"வாம்மா, எம் பக்கத்துல நில்லு. எம் மகன் பேரு மெதுவா வரட்டும். அவன் கடைசியா வயிறாரச் சாப்பிட்டது உங்க அப்பா கையால."

அவள் குரல் ஒலிபெருக்கி இன்றியே முற்றமெங்கும் கேட்டது. அமைச்சர் தலைகுனிந்து, அலுவலரிடம், "எழுதுங்க. கல்தச்சனையும் வரச் சொல்லுங்க," என்றார். அலுவலரின் எழுதுகோல் அசைந்து முடிந்த பின்னரே அரைக்காதர் கடைசிப் பெயரைப் படித்தார்.

மாண்டோரை நினைத்தல் கண்ணீரோடு முடியும் மென்செயல் என்பர் சிலர். இல்லை, அன்பரே, முரண்டு பிடித்தும், தன் குற்றத்தை ஊரறியச் சொல்லியும் செய்யவேண்டிய கடமை அது. தோழனை இல்லையென்று எழுத அரைக்காதர்க்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. உண்டென்று எழுதுவிக்க முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.