ஊதா மூச்சு

ரொட்டிக்கடைக்காரியின் மூச்சு ஊதா நிறத்தில் ஒளிவிடத் தொடங்கிய வருடத்தில் மைதா விலை இரண்டு முறை ஏறியது. தெருவில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவளுக்கு இரைப்பு இருந்தது. சிறுவயதிலிருந்து மாவுத் தூசிக்குள்ளேயே நின்றவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். கடையை விட்டுவிடு என்றார் டாக்டர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பியைப் படிக்கவைத்ததும் அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அந்த அடுப்புதான் என்பதால், அவள் கடையை விடாமல் டாக்டரை மாற்றினாள். தம்பி அப்போது காற்றுச் சுத்திகரிப்பான் விற்கும் கம்பெனியில் இருந்தான். ஒருநாள் தோளில் ஒரு பெட்டியோடு வந்து, அவள் கட்டில் தலைமாட்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். இடுக்குகளில் ஊதா வெளிச்சம் கசிந்தது.

“உள்ள புற ஊதா விளக்கு இருக்குக்கா. காத்து அந்த வெளிச்சத்துல நனைஞ்சுதான் வெளிய வரும். ஒரு கிருமி மிஞ்சாது. உனக்குன்னு பாத்து எடுத்துட்டு வந்தேன்.”

அவன் சொன்னபடியே கதவு சன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு தூங்கினாள். அறையில் இடி விழுந்த இடத்தின் வாடை அடித்தது. அதைச் சுத்தத்தின் வாடை என்று எடுத்துக்கொண்டாள். நெஞ்செரிச்சல் கூடியபோது தம்பியிடம் சொன்னாள். “பழைய சளியெல்லாம் வெளிய வருது, பொறுத்துக்கோ” என்றான். தம்பி சொன்னதற்காகப் பொறுத்துக்கொண்டாள்.

விடிவதற்குள் மாவு பிசைய எழுந்த ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. பெட்டி நின்றது, ஆனால் சுவரில் ஊதா வெளிச்சம் நிற்கவில்லை. கையால் வாயையும் மூக்கையும் பொத்தினாள், அறை இருண்டது. எடுத்தாள், விடிந்தது. விளக்கு தேடும் வேலை மிச்சம் என்று போய் மாவைப் பிசைந்தாள்.

அன்று மாவு உப்பவில்லை. மறுநாளும் இல்லை. ஈஸ்ட் விற்றவனோடு சண்டைக்குப் போனாள். பாவம், அவன் பேரில் குற்றமில்லை. பக்கத்துக் கடையில் நன்றாக உப்பியிருந்த மாவை அவள் குனிந்து பார்த்ததும், அது கண்ணெதிரே குத்தின பந்துபோல் இறங்கியது. அவள் மூச்சு பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் பிழைக்கவில்லை. பால் புளிக்கவில்லை, பழம் அழுகவில்லை. செங்கல் மாதிரி இருந்த அவள் ரொட்டியை வாடிக்கையாளர்கள் முகதாட்சண்யத்துக்காகச் சில நாள் வாங்கினார்கள். பிறகு வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள்.

தம்பி கலங்கவில்லை. ஆட்களைக் கூட்டிவந்தான். இருட்டான சரக்கறையில் அவளை நிறுத்தி, “ஊதுக்கா” என்பான். ஊதுவாள். மூட்டைகளும் தகர டப்பாக்களும் ஊதாவாகத் தெரியும். “எங்க அக்கா. நம்ம பெட்டிதான்” என்பான். வந்தவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். தன் பிழைப்பு போனாலும் அவன் பிழைப்பு நடக்கிறதே என்று அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊதினாள்.

தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது பார்க்கப் போனாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் அதே மாதிரிப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வாடை இல்லை. இடுக்குகளில் வெளிச்சமும் இல்லை.

“விளக்கு எரியலையேம்மா?”

“எரியாது அண்ணி,” என்றாள் தம்பி மனைவி, துணி மடித்தபடி. “அந்த விளக்குக் கண்ணாடி மட்டமாம். காத்தையே விஷமாக்கி நெஞ்சப் புண்ணாக்கிடுமாம். கொழந்தை இருக்கற வீடுன்னு அவரே கழட்டிட்டாரு.”

“எப்ப?”

“உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்தாரே, அதுக்கு முந்தின நாள்.”

குழந்தையின் மேல் மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். வாசலில் தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சுதான் வச்சியாடா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். “கம்பெனில ஒரு வீட்டுலயாவது ஓட்டிப் பாக்கச் சொன்னாங்கக்கா,” என்றான். “உனக்கு ஏற்கனவே இரைப்புதானே, புதுசா என்ன ஆகிடப்போகுதுன்னு நெனச்சேன்.”

வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியைத் தெருவில் போட்டு உடைத்தாள். மூச்சு மாறவில்லை, ஒவ்வொன்றும் முள்போல் இறங்கி வெளிச்சமாக வெளியே வந்தது. வருடங்கள் போயின. முதலில் பால்காரர் மீந்த பாலைக் கொண்டுவந்து அவள் மூச்சு படும்படி வைத்துப் பார்த்தார், மறுநாளும் அது கெடவில்லை. பிறகு மருத்துவமனையிலிருந்து கட்டுத்துணிகள் வந்தன. வெயில் காலங்களில் தெருமுனைவரை பாத்திரங்களோடு வரிசை நின்றது. ரொட்டிக்கடை என்ற பெயர்ப்பலகையை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

தம்பியின் கம்பெனி மூடப்பட்டதற்கு அடுத்த கோடையில் அவனும் ஒரு தூக்கு நிறையப் பாலோடு வரிசையில் நின்றான். முறை வந்ததும் மூடியைத் திறந்து, “அக்கா,” என்றான்.

அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். கடை இருண்டது. அவன் நின்றான், எவ்வளவு நேரம்தான் தாங்குவாள் என்று நின்றான். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரைப்புக்காரியால் அவ்வளவு நேரம் முடியவே முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் அன்று அங்கே இல்லை. கடைசியில் தம்பி மூடியை அழுத்திவிட்டுப் படியிறங்கித் தெருவில் கலந்தான்.

அதற்குப் பிறகு மூச்சு விட்டாள். கடைக்குள் வெளிச்சம் வந்தது. அடுத்து நின்றவள் தன் பாத்திரத்தை முன்னால் நகர்த்தி வைத்தாள்.