நடக்கச் சொன்ன டாக்டர்

விருத்தாம்பாள் இளைத்தது விருத்தாசலத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பருத்த உடம்பு குறைவதற்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் குடலைக் குறைத்துத் தைத்த பிறகு இரண்டே வருஷத்தில் பாதி ஆளாகிவிட்டாள். உடம்பு இளைத்தும் தோல் இளைக்கவில்லை என்பது அவளுக்கும் அவள் அக்கா பெரியம்மாளுக்கும்தான் தெரியும். அடிவயிற்றுத் தோல் தொடைவரை மடிந்து தொங்கியது. பீங்கான் கோப்பைகளுக்குப் பிடி ஒட்டுவது அவள் வேலை. சூளைச் சூட்டில் வேர்வை மடிப்புக்குள் இறங்கிப் புண்ணாகும்; அது ஆறுவதே இல்லை. பழைய புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தோலை அறுத்து எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆபத்தையும் ஒளிக்கவில்லை. குறைத்த குடல் சத்தைச் சரியாக இழுக்காது. அதனால் தையல் பிரியலாம், ஓரம் கறுத்துப்போகலாம். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறும், உயிருக்கே ஆபத்து. மறுநாளே எழுந்து நடக்க வேண்டும் என்றார். இன்னொரு கோடையைப் புண்ணோடு தாங்க முடியாதென்று விருத்தாம்பாள் சம்மதித்தாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. துணைக்கு இருந்த பெரியம்மாளுக்கோ, வயிற்றில் தையல் போட்டவளும் பிள்ளை பெற்றவளும் ஒன்றுதான். பிள்ளை பெற்றவளை யார் நடக்க விடுவார்கள்?

"அறுத்த வவுறுடி. தையலு வுட்டுச்சுன்னா என்னா பண்ணுவ? பேசாம படு."

நர்ஸ் கேட்டபோதெல்லாம், இப்பத்தான் நடந்துவிட்டு வந்து படுத்தாள் என்று சொல்லிவைத்தாள். வலியில் கிடந்தவளுக்கும் அந்தப் பொய் சௌகரியமாகவே இருந்தது.

பிறகு இடது கெண்டைக்கால் கனத்து வீங்கியது. தொட்டால் சுட்டது. டாக்டர் வந்து, நடக்கிறாயா என்று கேட்டார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாள் ஆமென்று சொல்லும்படி கண்ணைக் காட்டினாள். விருத்தாம்பாள் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினாள்.

"நான் நடக்கலீங்க. பயந்துகிட்டுப் படுத்துட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடச் சொன்னார். உறைந்த ரத்தம் பெயர்ந்து நெஞ்சுக்கு ஏறிவிடாமலிருக்க, வீக்கம் வடியும்வரை இனி காலை உயர்த்தி வைத்து அசையாமல் படுக்க வேண்டும் என்றார்.

"இதத்தான நானும் சொன்னேன்" என்றாள் பெரியம்மாள், அவர் போன பிறகு.

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வந்து தையல் இழுத்தது. பெரியம்மாள் சிரிக்கவில்லை. அன்று முழுக்கத் தங்கையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீக்கம் வடிந்தது. தையலின் ஒரு முனை பிரிந்து, ஆற வெகுநாளானது. ஊர் திரும்பியதும் தினமும் விடிந்தவுடன் பெரியம்மாள் வந்து நின்றாள்; மணிமுத்தாற்றுப் பாலம்வரை கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். அறுத்த உடம்பை இப்படி இழுத்துக்கொண்டு போகிறாளே என்று பக்கத்து வீட்டு அமிர்தம் அங்கலாய்த்தாள்.

"படுக்க வச்சா ரத்தம் ஒறைஞ்சிடும். ஒனக்கு என்னா தெரியும்?" என்றாள் பெரியம்மாள்.

விருத்தாம்பாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மாள் நேரே பாலத்தைப் பார்த்துக்கொண்டு, "நட" என்றாள்.