ஒரு பக்கம் மட்டும் மாறிய கியர்

வணக்கம். எல்லாரும் சௌக்கியம்தானே? இந்தப் பனிக்கு இருமல் கிருமல் ஒன்றும் இல்லையே? மூட்டுவலிக்காரர்கள் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொள்ளுங்கள். இது காலை மடக்கி மடக்கி மிதித்த ஒரு பெண்ணின் கதை.

கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி செல்லமுத்துவின் மகள் சந்தியாவுக்குக் கை சும்மா இருக்காது. பந்தய சைக்கிளில் ஏறிவிட்டால் பத்து மிதிக்கு ஒரு தரம் கியரை மாற்றுவாள். மேடு வந்தால் மாற்றுவாள். மேடு வரும்போலத் தோன்றினாலே மாற்றுவாள். அதனாலேயே அவளுடைய சைக்கிளில் கியரை இழுக்கும் கம்பி அடிக்கடி நைந்துபோகும்.

வெள்ளிமலையில் மாநில அணிக்குத் தேர்வு என்று தகவல் வந்தது. எட்டுப் பெண்கள் ஓட்டுவார்கள், எடுப்பது இரண்டே பேரை. போன வருடம் சந்தியா மூன்றாவது. வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது, இதை விட்டால் அவளுக்கு இனி வாய்ப்பே கிடையாது. தூக்கம் போயிற்று. பெங்களூரில் வேலை பார்க்கும் தோழி சுபஸ்ரீயிடம் எலக்ட்ரானிக் கியர் சைக்கிளை இரவல் வாங்கினாள். அதில் கம்பியே இல்லை. வலது பிடியில் விரல் பட்டால் கியர் ஒரு படி கனமாகும், இடது பிடியில் பட்டால் ஒரு படி லேசாகும். ஒவ்வொரு பிடிக்குள்ளும் ஒரு வட்ட பேட்டரி.

செல்லமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. "கம்பி பிஞ்சா கண்ணுக்குத் தெரியும், முடிச்சாச்சும் போட்டுக்கலாம். இது நின்னுபோச்சுன்னா யார்கிட்ட போய் நிப்ப?"

"அதெல்லாம் நிக்காதுப்பா. நீ கரும்பப் பாரு, நான் சைக்கிளப் பாத்துக்கறேன்."

மலைக்குப் போகும் வீரமணியின் ஜீப் விடியும் முன்பே கிளம்பிவிடும் என்பதால் சரக்கை முதல் நாள் சாயங்காலமே ஏற்றிவிடுவார்கள். சைக்கிளையும் மூட்டைகளின் மேல் படுக்கவைத்தார்கள். மலைப்பாதையில் ஆடக்கூடாதே என்று வீரமணி ஒரு யூரியா மூட்டையைக் கைப்பிடியோரம் இறுக்கி அணைத்து வைத்தார்.

காலை ஆறரைக்கு வெள்ளிமலையில் இறங்கி, ஏறி மிதித்துப் பார்த்தாள் சந்தியா. இடது பிடி வேலை செய்தது. வலது பிடியை அழுத்தினாள். ஒன்றுமில்லை. தட்டினாள், ஊதினாள், திரும்ப அழுத்தினாள். ஒன்றுமில்லை. சுபஸ்ரீக்குப் போன் போட்டாள்.

"பட்டன் மேல எதுனா அழுத்திக்கினு இருந்துச்சாடி?" என்றாள் சுபஸ்ரீ.

சந்தியா ஜீப்பைப் பார்த்தாள். வீரமணி அந்த மூட்டையைத்தான் முதுகில் சுமந்துகொண்டிருந்தார்.

"அப்ப ராத்திரி பூரா அமுங்கிக்கினே இருந்துருக்கு. செல்லு காலி. புதுசு வாங்கிப் போடு."

வீரமணி கையைப் பிசைந்தார். "ஆடாம இருக்கட்டும்னுதான் வெச்சேன் தங்கச்சி. இங்க கடைய ஒம்போது மணிக்குத்தான் தொறப்பான்." பந்தயம் ஏழு மணிக்கு. கூடவே வந்திருந்த செல்லமுத்து தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். அதன் செல் சுண்டுவிரல் நகம் அளவுதான், பிடிக்குள் பொருந்தாது.

"ஒரே செல்லுதான் உசுரோட இருக்கு," என்றாள் சுபஸ்ரீ. "இடதுல இருந்தா லேசா மட்டும் மாறும். கழட்டி வலதுல போட்டின்னா கனமா மட்டும் மாறும். எது வேணும்னு சீக்கிரம் சொல்லு."

சந்தியா பாதையை மனசுக்குள் ஓட்டினாள். எட்டு கிலோமீட்டர் பெரும்பாலும் இறக்கம், அங்கே திரும்பி அதே வழியில் ஏற்றம், கடைசி முந்நூறு மீட்டர் மட்டும் சமதளம். "இடதுலயே இருக்கட்டும்." பின்சக்கரத்தின் கியர்ப்பெட்டியில் இருந்த சின்னப் பொத்தானை சுபஸ்ரீ சொன்னபடி அழுத்தி அழுத்தி, கியரை ஆகக் கனமான படிக்குக் கொண்டுபோனாள். மொத்தம் பன்னிரண்டு படி. அப்படியானால் பதினோரு தடவை லேசாக்கலாம். ஆக்கியது ஆக்கியதுதான், இறங்கி நின்றாலொழியத் திரும்பாது.

விசில் ஊதினார்கள்.

இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன மேடு. புத்தி சொல்வதற்குள் விரல் மூன்று தரம் அழுத்திவிட்டது. "நாசமாப் போற வெரலே!" என்று வாய்விட்டுத் திட்டினாள். அடுத்த இறக்கத்தில் மிதிக்க மிதிக்கக் கால் வெறுமனே சுழன்றது. போன வருடம் இரண்டாவதாக வந்த கள்ளக்குறிச்சி செந்தமிழ்ச்செல்வி, கம்பி கியர் சைக்கிளில் பக்கத்தில் வந்தாள்.

"இன்னாடி, மிக்ஸில சட்னி அரைக்கறியா?"

"ஆமா, இட்லி எடுத்துக்கினு வா!"

அவள் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள். சின்னசேலத்துப் பெண் ஒருத்தி எல்லாரையும் விட்டு எங்கேயோ போயிருந்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடம்.

திரும்பும் முனை வந்தது. இனி ஏற்றம். லேசாக்க இன்னும் எட்டு தடவைதான் பாக்கி. தொடை எரிந்தது. விரல் பொத்தானுக்கே போயிற்று. ஒன்று கொடுத்தாள். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. மிச்சம் ஆறு. இனி கேட்காதே என்று விரலைப் பிடியிலிருந்து எடுத்து, கைப்பிடியின் நடுக்கம்பியைப் பற்றிக்கொண்டாள். அப்போதும் விரல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

கடைசி வளைவில் செந்தமிழ்ச்செல்வி இரண்டு சைக்கிள் நீளம் முன்னால் இருந்தாள். டக், டக், டக் என்று அவள் கியரை லேசாக்கிக்கொண்டே போகும் சத்தம். ஒவ்வொரு டக்குக்கும் சந்தியாவின் விரல் துள்ளியது. ஒன்றே ஒன்று மாற்றினால் மூச்சு வரும். ஆனால் மேலே சமதளம், அங்கே திரும்பக் கேட்டால் கிடைக்காது. சீட்டிலிருந்து எழுந்து நின்று, உடம்பின் கனம் முழுவதையும் மிதிகட்டையில் போட்டாள். முழங்கால் கெஞ்சியது. சைக்கிள் நகர்ந்தது, நின்றுவிடும்போல, ஆனாலும் நகர்ந்தது.

சமதளம் வந்ததும் செந்தமிழ்ச்செல்வி லேசாக்கிய படிகளை எல்லாம் அவசரமாகத் திரும்ப ஏற்றினாள். கால் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருக்க, சங்கிலி ஒரு கணம் தடுமாறிப் பிறகுதான் பல்லில் உட்கார்ந்தது. சந்தியா மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. மிதித்தாள். கோட்டை அவளுடைய முன்சக்கரம் அரைச் சக்கர தூரத்தில் முந்தித் தாண்டியது.

நடுவர் இரண்டாவது இடத்தில் அவள் எண்ணை எழுதியதைச் செல்லமுத்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் தலையில் ஊற்றினார். செந்தமிழ்ச்செல்வி ரோட்டோரத்தில் மல்லாந்து கிடந்தாள்.

"கடைசி வளைவுல நீ மாத்தவே இல்லியேடி. அவ்ளோ திமிரா?"

"மாத்த முடியல. வலது பக்கம் செத்துப்போச்சு."

செந்தமிழ்ச்செல்வி எழுந்து உட்கார்ந்தாள். "பாதி கியர வெச்சிக்கினா என்னத் தோக்கடிச்ச? எங்கம்மாகிட்ட நான் இன்னான்னு போய்ச் சொல்லுவேன்?" சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. சந்தியா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சரி, உங்கள் வீட்டுச் சங்கதிக்கு வாருங்கள். முக்கியமான நாள் பார்த்துச் சைக்கிளோ, ஸ்கூட்டரோ, தையல் மெஷினோ உங்களைக் கைவிட்டதுண்டா? என்ன செய்து சமாளித்தீர்கள்? கம்பி கியர், பேட்டரி கியர் இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் எது தேவலை என்று அனுபவத்தோடு எழுதுங்கள். நாலு வரியானாலும் போதும்.