பன்றிக் கூரையில் இருந்த வாடகை

நெனித்தாவின் முகத்துக்கு அடியில் நான்கு பன்றிகள் மழைக்கு ஒதுங்கிக்கொண்டிருந்தன. அது அவளுக்குத் தெரியாது. அவள் இருந்தது கலிஃபோர்னியாவின் டேலி சிட்டியில், முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டு. முகம் இருந்தது பிலிப்பைன்ஸின் இலோய்லோவில், தம்பி ரொஹெலின் பன்றிக் கொட்டகைக் கூரையில், பிளாஸ்டிக் பேனராக.

அந்த ஊரில் பரீட்சை பாஸானாலும் பேனர், நாய்க்குட்டி தொலைந்தாலும் பேனர். மே மாதத் திருவிழாவுக்குப் பணம் கொடுப்பவளுக்குப் பேனர் இல்லாமல் போகுமா? நான்கு வருடமாகத் திருவிழாச் செலவு முழுவதும் நெனித்தாவுடையது. ஆனால் ஒரு துண்டு சுட்ட பன்றியைக்கூட அவள் தின்றதில்லை. அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கப் பச்சை அட்டை (கிரீன் கார்டு) வாங்கியவள் வெளியே போய்த் தங்கினால் வம்பு என்று எவனோ கிளப்பிவிட்டான். அதை நம்பி ஆறு வருடம் ஊர்ப்பக்கமே போகாமல் கிடந்தாள். குடியுரிமை கிடைக்க வேண்டும், மே மாதம் விமானம் ஏற வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை. நேர்காணலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

பழைய வரிக் கணக்குகளின் நகல் வாங்க டெலியாவின் கடைக்குப் போனாள். டெலியாவும் இலோய்லோக்காரிதான்; நெனித்தாவுக்கு அவள் 'மனாங்', அதாவது அக்கா. பேக்கரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி ஊருக்கு வரிக்கணக்கு எழுதுகிறவள். நகல் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் நெனித்தா போனில் போன திருவிழாப் பேனரின் படத்தை நீட்டினாள்.

"மனாங், இங்க பாருங்க. என் தம்பி எனக்குக் கிரீடமே வச்சிருக்கான்."

டெலியா கிரீடத்தைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே இருந்த எழுத்தைப் பார்த்தாள். 'திருவிழாச் செலவு: அமெரிக்கா நெனித்தா. அவரது மாணவர் விடுதியின் ஓராண்டு வாடகை, 1,80,000 பெசோ.'

"ஏன்டி, உனக்கு வாடகை வருதா?"

"எனக்கு எங்க வருது? ரொஹெல் வாங்குறான், அப்படியே சாமிக்குப் போயிடுது. ஒரு காசு நான் கண்ணால பாத்ததில்ல."

"வீடு யார் பேர்ல?"

"என் பேர்லதான்."

"அப்ப வாடகையும் உன்னுது. சாமிக்குக் குடு, பன்னிக்குப் போடு, குடுக்குறதுக்கு முன்னாடி அது உன் வருமானம். பச்சை அட்டை வாங்கிட்டா உலகத்துல எந்த மூலையில சம்பாதிச்சாலும் இங்க சொல்லணும். வருஷா வருஷம் கேட்டேனே, வெளிநாட்டு வருமானம் உண்டான்னு! என் ரொட்டியத் தின்னுகிட்டே இல்லன்னு தலையாட்டின."

"வெளிநாடா?" நெனித்தா நிஜமாகவே விழித்தாள். "மனாங், அது இலோய்லோ. நம்ம ஊரு. இதுதானே வெளிநாடு!"

டெலியா ரொட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குடியுரிமை விண்ணப்பத்துல வரி பத்திக் கேட்டதுக்கு என்ன எழுதின?"

"எதுவும் கட்டாம விடலன்னு."

"நல்லா எழுதின. அதிகாரி கேக்குறப்ப மறுபடியும் இல்லன்னு சொன்னேன்னு வை, அது தெரிஞ்சே சொன்ன பொய். விட்ட பணத்தவிட அந்தப் பொய்தான் உன்னக் கவுக்கும். நல்ல நடத்தை இல்லன்னு எழுதி அனுப்பிடுவான். இப்பவே திருத்தின கணக்குக் குடுத்து வரியக் கட்டு. அப்பவும் குடியுரிமை குடுப்பான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வரவு செலவு எங்க இருக்கு?"

நெனித்தா தம்பியைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"கணக்கா?" என்றான் ரொஹெல். "வருஷா வருஷம் பேனர்லயே போட்டுருக்கேனே, மனாங். அதவிடப் பெரிய எழுத்துல யார் கணக்கு எழுதுவா?"

"அந்த நாலு பேனரும் எங்கடா?"

"பத்திரமா இருக்கு."

"எங்கன்னு கேட்டேன்."

போனில் ஒரு உறுமல் கேட்டது. அது ரொஹெலின் குரல் அல்ல.

"பன்னி மேல," என்றான். "மழை ஒழுகுதுல்ல."

"என் மூஞ்சியவா?"

"மூஞ்சி மேல் பக்கம்தான், மனாங். பன்னி உன்னப் பாக்காது."

டெலியா மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். நெனித்தாவுக்கு அழவா திட்டவா என்று தெரியவில்லை. திட்டினாள்.

ரொஹெல் கூரையைப் பிரித்து, நான்கையும் கழுவி, வெயிலில் விரித்துப் படமெடுத்து அனுப்பினான். விடுதிக்குக் கூரை வேய்ந்தவர் கொடுத்த சீட்டு, குழாய்க்காரர் சீட்டு எல்லாவற்றையும் தேடி அனுப்பினான். ஒரு பேனரில் தொகை இருந்த மூலை கீழே தொங்கியிருக்க, அதைத் தாய்ப்பன்றி தின்றிருந்தது. "எவ்வளவு தின்னுதுன்னு அதையே கேளு," என்றாள் டெலியா. நல்லவேளை, திருவிழா முடிந்த கையோடு பாதிரியார் எடுத்த படத்தில் மூலை முழுசாக இருந்தது.

பழுதுபார்த்த செலவு, கட்டடத் தேய்மானம் எல்லாம் கழித்து டெலியா கூட்டினாள். நான்கு வருட வரி, வட்டியோடு தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டாலர்.

"இவ்வளவுதானா? இதுக்கா மூணு நாளாத் தூங்காம கிடந்தேன்?"

"வேணும்னா கூடப் போட்டுக் கட்டு. யாரும் திருப்பித் தர மாட்டாங்க."

நேர்காணல் அதிகாரி சிரிக்காத மனிதர். கட்டாமல் விட்ட வரி உண்டா என்ற கேள்வி வந்தது. இல்லை என்று சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

"விட்டிருக்கேன் சார்," என்றாள் நெனித்தா. "எழுதினப்ப எனக்குத் தெரியாது. இப்ப திருத்திக் கட்டிட்டேன்." திருத்திய கணக்கு, ரசீது, பேனர் படங்கள் எல்லாவற்றையும் மேசையில் வைத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

"இதுல கிரீடம் வச்சிருக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"இந்த மூலை என்ன ஆச்சு?"

"பன்னி தின்னுடுச்சு. அதுக்கு வேற படம் இருக்கு சார், அடுத்த தாள்ல."

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துப் பழைய பதிலை அடித்து, புதியதை எழுதி, பக்கத்தில் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மேலதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றார். பதினோரு நாள் கழித்துக் குடியுரிமை தருவதாகக் கடிதம் வந்தது. ஏப்ரலில் உறுதிமொழி எடுத்தாள்.

மே மாதம் வேன் ஊருக்குள் திரும்பியபோது சாலையின் குறுக்கே பேனர் தொங்கியது. இந்த முறை கிரீடம் இன்னும் பெரியது. 'அமெரிக்கக் குடிமகள் நெனித்தா. வாடகை 1,85,000 பெசோ. வரி கட்டியாச்சு!'

அதற்குக் கீழே இருந்த தட்டில் சுட்ட பன்றியின் தோல் பளபளத்தது. ரொஹெல் ஒரு காதை வெட்டி அவள் கையில் கொடுத்தான். மொறுமொறுவென்று இருந்தது. வாயில் போட்டுக்கொண்டே பேனரைப் படமெடுத்து டெலியாவுக்கு அனுப்பினாள்.

டெலியா உடனே பதில் எழுதினாள்: 'அடுத்த வருஷக் கணக்குக்கு அது வேணும். பன்னி மேல போடாதீங்கடி.'